ஏற்கத்தக்கதல்ல

வண்ணார்பேட்டையில் இரண்டாம் மாடி.
ஏ.சி. சரியில்லை. ஜன்னலைத் திறந்தால்
பைபாஸ் ரோட்டுப் புழுதி ஏறி வந்து
கோப்புகளுக்கு வயதைக் கூட்டும்.
எனக்கு வேலை பில் வாசிப்பது.
காயம்பட்டவரை நான் பார்ப்பதில்லை,
அவர் செலவைப் பார்ப்பேன்.

சேர்ந்த புதிதில் ஒரு விரலுக்கு ஒரு பக்கம்:
தையல், டி.டி. ஊசி, பஞ்சு, பத்து நாள் கட்டு,
அடியில் டாக்டர் கையெழுத்து, கோழி கிளறிய மாதிரி.
இப்போது நாற்பத்தோரு பக்கம்.
ஸ்கேன், மறுபடி ஸ்கேன், நரம்புக்கு ஒரு டெஸ்ட்,
மயக்கம் கொடுக்க ஒரு டாக்டர், தெளிந்ததா என்று பார்க்க ஒருவர்,
அறை வாடகையில் டி.வி. தனி.
விரல் என்னவோ அதே நீளம்தான்.

இன்றைக்கு வந்தவன் உச்சிமாகாளி, முப்பத்தேழு வயது.
வீரவநல்லூர்ப் பக்கம் அரிசி ஆலை.
எலிவேட்டர் பெல்ட்டில் வலது கை.
நடுவிரலும் மோதிரவிரலும் அடியோடு.

அட்டவணை எனக்கு மனப்பாடம்.
நடுவிரல் பன்னிரண்டு சதவீதம், மோதிரவிரல் ஏழு.
கூட்டினால் பத்தொன்பது.
ஒரே கையில் இரண்டும் போனால் இருபது.
சேர்ந்து போனதற்கு ஒன்று கூட;
சட்டம் எழுதியவருக்கும் எங்கோ கொஞ்சம் ஈரம் இருந்திருக்கிறது.
மேஸ்திரியின் சாட்சியில் ஒரு வரி இருந்தது:
நெல்லை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து
இன்னும் ஒரு வெயில் காயணும் என்பான், தப்பவே தப்பாது.
அந்த இடுக்கு அட்டவணையில் இல்லை.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
துணைக்கு இருந்தவர் பஸ் செலவு: ஏற்கத்தக்கதல்ல.
இளநீர், சத்துமாவு: ஏற்கத்தக்கதல்ல.
பிளாஸ்க் ஒன்று: ஏற்கத்தக்கதல்ல.
கையுறை அறுபத்திரண்டு ஜோடி: ஏற்கலாம்.

பேனா அங்கே நின்றுவிட்டது.
பதினாறு நாளில் அறுபத்திரண்டு ஜோடி,
அவனைத் தொட்ட கைகளுக்கெல்லாம்.
ஆலை ரிப்போர்ட்டைப் புரட்டினேன்.
கையுறை வழங்கப்பட்டதா என்ற கேள்விக்கு
ஆம் இல்லை, இல்லை இல்லை, சின்னதாக ஒரு கோடு.
போட்டிருந்தால் மட்டும் பெல்ட் விட்டிருக்குமா?
பெல்ட்டுக்கு வேண்டியது மூடி.
மூடிக்கு ஒரு தகரம், நாலு போல்ட்டு,
பட்டறையில் கேட்டால் இரண்டாயிரத்துக்குள் முடியும்.
கோப்பின் கடைசிப் பக்கத்தில்
இரண்டு லட்சத்துப் பதினேழாயிரம்.

அதற்கு முந்தின பக்கம் பிசியோதெரபி.
பன்னிரண்டு தடவை, தடவைக்கு நானூற்றைம்பது.
விவரம்: அரிசிப் பயிற்சி.
அரிசி ஏன், விளக்கம் தேவை என்று ஓரத்தில் எழுதினேன்.
கடிதம்தான் அனுப்ப வேண்டும். போன் போட்டேன்.

முப்பிடாதி எடுத்தாள்.
"போன எடத்துல துணி பட்டாக் கூட
கரண்டு அடிச்ச மாரி துடிக்காவ மேடம்.
குண்டா நெறைய அரிசியில கைய விட்டுப் பெசையணும்,
கூச்சம் மாறும்னு சொன்னாங்க.
மூணு தடவ போனோம், பெறகு வீட்டுலதான், ரேசன் அரிசி.
இல்லாத வெரலும் சேந்து பெசையுதுங்காவ.
பில்லுல பன்னெண்டுன்னா போட்டிருக்கு?
நாங்க எங்க எண்ணிப் பாத்தோம், கெட்டச் சொன்னாங்க, கெட்டிட்டோம்."

அந்த அரிசியை என்ன செய்தீர்கள்?
எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.
"பொங்கிட்டோம். பெறகென்ன."

பன்னிரண்டை அடித்து மூன்று போட்டால்
கம்பெனிக்கு நாலாயிரத்து ஐம்பது மிச்சம்.
ஆஸ்பத்திரிக்கு அது எப்போதோ போய்விட்டது,
அவள் கையிலிருந்து.
அவள் உண்மை சொன்னாள், அவள் கணக்கில்தான் குறையும்.

ஒன்றரை மணி. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.
டிபன் பாக்ஸைத் திறந்தேன்.
சோற்றுக்குள் என் ஐந்து விரலும்
யாரையும் கேட்காமல் இறங்கின.
பேனா மூடாமல் கிடக்கிறது.
பன்னிரண்டை இன்னும் தொடவில்லை.